அக்காவுக்கு வாங்கிய பாட்டுப் பெட்டி



பழைய மாணவர் ஒருவர் போன வாரம் கேட்டிருந்தார்: "சார், பொங்கலுக்கு ஊருக்குப் போறேன். அம்மாவுக்குப் பாட்டுக் கேக்க ஒரு பிளேயர் வாங்கணும். விலை கம்மியா எது நல்லது?" அவருக்குத் தனியாகப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். நீண்டுவிட்டது. உங்களில் பலருக்கும் வயதான பெற்றோர் இருக்கிறார்கள் என்பதால் இங்கேயே போடுகிறேன்.

என் கருத்து இதுதான். ஒலி எவ்வளவு துல்லியம், எத்தனை ஆயிரம் பாட்டு பிடிக்கும் என்பதையெல்லாம் அப்புறம் பாருங்கள். வீட்டில் ஆளில்லாத நேரத்தில் அவர்களே போட்டு, வேண்டிய பாட்டைக் கேட்டு, அவர்களே நிறுத்த முடியுமா? அதை முதலில் பாருங்கள். நான் படித்தது ஆசிரியர் பயிற்சி, எலக்ட்ரானிக்ஸ் அல்ல. இது பட்டுத் தெரிந்துகொண்டது.

என் அக்காவுக்கு 77 வயது. அம்பாசமுத்திரம் பக்கம் கிராமத்தில் தனியாக இருக்கிறாள். குளுக்கோமாவால் பார்வை பாதி போய்விட்டது. டி.வி. பார்க்க முடியாது, பேப்பர் படிக்க முடியாது. அத்தான் வாங்கிய டேப் ரெக்கார்டர் பெல்ட் அறுந்து எப்போதோ பரணுக்குப் போய்விட்டது. துபாயில் இருக்கும் மருமகன் நல்ல விலைக்கு ஒரு டச் போன் வாங்கி, பாட்டு ஆப் எல்லாம் போட்டுக் கொடுத்தான். ஒருநாள் நடுராத்திரியில் கை பட்டு அவனுக்கே போன் போய்விட்டது. அவன் பதறிப்போனான். அன்றோடு அந்த போன் பீரோவுக்குள் போய்விட்டது. கேட்டால், "இந்த வயசுல எனக்கு எதுக்குடே பாட்டு" என்றாள். நானும் அதை நம்பினேன்.

பிறகு ஒரு தீபாவளிக்கு 900 ரூபாயில் சின்ன ஸ்பீக்கர் ஒன்று வாங்கினேன். மெமரி கார்டு போட்டால் பாடும். 1,400 பாட்டுகளை ஏற்றி, பெருமையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். போனில் விசாரிக்கும்போதெல்லாம் "நல்லாத்தான் பாடுது" என்பாள். இரண்டு மாதம் கழித்து நேரில் போனபோது பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள்: "பெரியம்மா தினம் அதே நாலு பாட்டைத்தான் கேக்காங்க."

விஷயம் இவ்வளவுதான். அணைத்துவிட்டுப் போட்டால் அந்தப் பெட்டி முதல் பாட்டிலிருந்தே தொடங்கும். விட்ட இடம் அதற்கு நினைவிருக்காது. அக்கா ஆசைப்பட்ட சீர்காழி பாட்டு 800-க்கு மேலே எங்கோ கிடந்தது. ஏன் சொல்லவில்லை என்று சத்தம் போட்டேன். "நீ ஆசையா வாங்கிட்டு வந்திருக்க. அதைப் போய் நொட்டை சொல்லுவாங்களா?" என்றாள். புரியாமலே தலையாட்டும் பிள்ளையைக் கடைசி பெஞ்சில் கண்டுபிடித்துவிடுவேன் என்று வகுப்பில் பெயர் வாங்கியவன் நான். அக்கா தலையாட்டியது எனக்குத் தெரியவில்லை.

அதனால் கடைக்குப் போகும்போது பாட்டு ஏற்றிய கார்டையோ பென்டிரைவையோ கையோடு கொண்டுபோங்கள். ஐந்தாவது பாட்டைப் பாதி ஓடவிட்டு, சுவிட்சை அணைத்துத் திரும்பப் போடுங்கள். விட்ட இடத்திலிருந்து, குறைந்தது அந்தப் பாட்டிலிருந்தாவது பாடவேண்டும். முதல் பாட்டுக்கு ஓடினால் வாங்காதீர்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

அடுத்தது பொத்தான். மலிவான பெட்டிகள் பலவற்றில் ஒரே பொத்தானுக்கு இரண்டு வேலை: தொட்டு விட்டால் அடுத்த பாட்டு, அழுத்திப் பிடித்தால் சத்தம் கூடும். முதியவர்களின் விரல் எதையும் அழுத்தித்தான் பிடிக்கும். பாட்டை மாற்றப் போய் வீடு அதிரும். சத்தத்துக்குத் தனித் திருகு இருப்பதாகப் பாருங்கள். கடையிலேயே கண்ணை மூடிக்கொண்டு இயக்கிப் பாருங்கள். போடும் பொத்தானில் நான் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிவிட்டேன், தடவினால் தெரியும்.

பேட்டரி கழற்றி மாட்டுவதாக இருக்கட்டும். உள்ளே ஒட்டிய பேட்டரி போனால் பெட்டியே போனதுபோலத்தான். கார்டு 32 ஜி.பி.க்கு மேல் வேண்டாம். 64 ஜி.பி. கார்டுகள் வேறு முறையில் ஃபார்மேட் ஆகி வரும், சின்ன பிளேயர்கள் பலவும் அதைப் படிக்காது. கணக்கும் போட்டுக் காட்டுகிறேன்: 128 கே.பி.பி.எஸ். எம்பி3 நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 எம்.பி. நான்கு நிமிடப் பாட்டுக்கு 4 எம்.பி. ஆக, 8 ஜி.பி. கார்டிலேயே சுமார் 2,000 பாட்டு அடங்கும்.

சரிகமா கார்வான் வாங்கலாமே என்பீர்கள். 5,000 பாட்டு உள்ளேயே இருக்கிறது, ஏற்றும் வேலை இல்லை, பெரிய திருகு. கையில் பணமும் ஏற்றித்தர ஆளில்லாத நிலையும் இருந்தால் தாராளமாக வாங்குங்கள். ஆனால் விலை பல மடங்கு. அக்கா கேட்ட வில்லுப்பாட்டை நான் பென்டிரைவில் போட்டுத்தான் கொடுக்கவேண்டியிருந்திருக்கும்.

இரண்டாம் முறை 1,350 ரூபாயில் வேறு பெட்டி வாங்கினேன். இந்தத் தடவை அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, என்னென்ன பாட்டு வேண்டும் என்று ஒரு பகல் முழுக்கக் கேட்டு எழுதினேன். மொத்தம் 62. நான் தேடித்தேடி ஏற்றிய 1,400-ல் அவளுக்கு வேண்டியிருந்தவை முப்பதுகூட இல்லை. சுசீலாவும் சீர்காழியும் நான் எதிர்பார்த்ததுதான். அத்தான் குளிக்கும்போது பாடுகிற ஒரு பாட்டையும் கேட்பாள் என்று நான் நினைக்கவில்லை. அது அவளுக்குப் பிடிக்கவே பிடிக்காது என்றுதான் இத்தனை வருடமும் எண்ணியிருந்தேன். பல பிளேயர்கள் ஏற்றிய வரிசையில்தான் பாடும் என்பதால் அவள் சொன்ன வரிசையிலேயே ஒவ்வொன்றாக ஏற்றினேன்.

போன மாதம் போனபோது தெருமுனையிலேயே சத்தம் கேட்டது. உள்ளே நுழைந்ததும் கையைக் காட்டி உட்காரச் சொன்னாள். பாட்டு முடிந்த பிறகுதான் "சாப்பிட்டியா" என்று கேட்டாள்.

62-ல் ஒன்று மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. படம் பெயர் அவளுக்கு நினைவில்லை, மெட்டு மட்டும் முணுமுணுக்கிறாள். அதைப் போனில் பதிவு செய்து வைத்திருக்கிறேன். பழைய பாட்டு தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அனுப்பிவைக்கிறேன்.