டாக்டர், ஹைபிரிட் வாங்கலாமா, எலக்ட்ரிக் வாங்கலாமா?

வீசிங் வந்த பையனுக்கு நெபுலைசர் போயிட்டிருக்கு. பக்கத்துல நின்ன அப்பா கேட்டார்: "டாக்டர், கார் மாத்தப்போறேன். புகை கம்மியா இருக்கணும். ஹைபிரிட்டா, எலக்ட்ரிக்கா?"

நல்ல கேள்வி. ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். உங்களுக்கும் உதவும்.

முதல்ல ஒரு குழப்பம் தீரணும். பிளக் போடாத சாதா ஹைபிரிட் பாதி எலக்ட்ரிக் கார் இல்லைங்க. அது ஓடுறது முழுக்க பெட்ரோலில்தான். பிரேக் பிடிக்கும்போது வீணாகிற சக்தியைச் சின்ன பேட்டரியில் சேர்த்து வெச்சு, மெதுவா நகரும்போது மோட்டாரை ஓட்டும். அதனால சிட்டி டிராஃபிக்கில் நல்லா மிச்சமாகும். ஹைவேயில் அவ்வளவு இல்ல.

மாசம் 1,000 கி.மீ. ஓட்டுறீங்கன்னு வெச்சுக்குவோம். ஹைபிரிட் லிட்டருக்கு 22 கி.மீ. கொடுத்தா சுமார் 45 லிட்டர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு. மொத்தம் 105 கிலோ பக்கம்.

எலக்ட்ரிக் காருக்குச் சுமார் 150 யூனிட். நம்ம நாட்டு கரண்ட் பெரும்பாலும் நிலக்கரியில் வர்றது, யூனிட்டுக்கு 0.7 கிலோ பக்கம் வரும். அதுவும் 105 கிலோ!

ஆமா, கிட்டத்தட்ட சமம். (பேட்டரி தயாரிப்பு, பெட்ரோல் சுத்திகரிப்பு ரெண்டையும் சேர்க்கல.) "எலக்ட்ரிக்னா புகையே இல்ல"ன்னு சொல்றவங்க ஒரு தடவை எண்ணூர் போய் அனல்மின் நிலையப் புகைபோக்கியைப் பார்த்துட்டு வாங்க. அங்க இருக்கிறவங்களும் மூச்சு விடறவங்கதான்.

ஆனாலும் என் ஓட்டு எலக்ட்ரிக்குக்கே. சூரிய ஒளி, காற்றாலை மின்சாரம் கூடக் கூட அதே கார் இன்னும் சுத்தமாகும். இன்னிக்கு வாங்குற ஹைபிரிட் பத்து வருஷம் கழிச்சும் பெட்ரோலைத்தான் எரிக்கும். அதைவிட, ஸ்கூல் வாசல்ல வரிசையா நிக்கிற வண்டிகளைப் பாருங்க. சைலன்சர் புகை குழந்தை மூக்குக்குப் பக்கத்துலயே வருது. அதில் இருக்கிற நைட்ரஜன் டை ஆக்சைடு ஆஸ்துமாவைத் தூண்டும். எலக்ட்ரிக் காரில் அந்தப் புகை கிடையாது. டயர் தூசி ரெண்டுலயும் உண்டு.

மறுநாள் அவர்கிட்ட இதைச் சொன்னேன். "அப்பார்ட்மென்ட் அசோசியேஷன்ல சார்ஜிங் பாயின்ட் தரமாட்டேங்கறாங்க டாக்டர்"னார்.

இன்னொரு தடவை எழுத்துல கேளுங்க, அப்பவும் முடியாதுன்னா தயங்காம ஹைபிரிட் வாங்குங்க, இப்ப இருக்கிற பழைய டீசல் வண்டிக்கு அது எவ்வளவோ மேல்னு சொன்னேன். கூடவே இன்னொண்ணு: எந்தக் கார் வந்தாலும் பையனோட இன்ஹேலரை நீங்களா நிறுத்திடாதீங்க.