மண்ணும் நீரும் கற்பிக்கும் பாடம்

சென்ற கிழமை வந்த கடிதங்களுள் ஒன்று என் மனத்தை விட்டு அகலவில்லை. வலிகாமம் பகுதியிலிருந்து ஒரு தாய் எழுதியிருந்தார். அவருடைய மகள் எட்டாந் தரத்திற் படிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் மண்ணில்லாப் பயிர்ச்செய்கை பழக்குகிறார்களாம். மீன் அடைத்து வரும் ரெஜிபோம் பெட்டி ஒன்று கொண்டுவரும்படி ஆசிரியை சொல்லியனுப்பினாராம். “நானும் என் கணவரும் வெங்காயத் தோட்டத்தில் முதுகு முறிய உழைப்பது, பிள்ளைகளாவது இந்த மண்ணிலிருந்து தப்பவேண்டும் என்பதற்காகவே. அப்படியிருக்கப் பள்ளிக்கூடத்திலும் தோட்டவேலையா? அதுவும் தண்ணீரிற் கீரை வளர்க்கும் விளையாட்டா?” என்று கேட்டிருக்கிறார்.

சகோதரியின் கேள்வியில் உள்ள துயரம் எனக்குப் புதியதன்று. நானும் ஒரு கமக்காரனின் மகள். விடியுமுன் என் தந்தையார் துலா மிதித்ததையும், வாய்க்காலில் தண்ணீர் மாறிய என் தாயாரின் கால்கள் வெடித்திருந்ததையும் கண்டு வளர்ந்தவள். “நீ படி; இந்த வேலை எங்களோடு போகட்டும்” என்றுதான் அவர்களும் சொன்னார்கள். ஆயினும், முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியையாக இருந்த பின்னர் ஒன்றை உறுதியாகச் சொல்வேன். தன் உணவு எங்கிருந்து வருகிறது என்பதை அறியாத பிள்ளையின் படிப்பு அரைப் படிப்பே.

ஓய்வு பெறுவதற்கு முன், 2019ஆம் ஆண்டு தைப்பொங்கல் கழிந்ததும், என் வகுப்புப் பிள்ளைகளைக் கொண்டு இருவகைத் தோட்டம் போடுவித்தேன். ஒரு பக்கம் மண் பாத்தி. மறுபக்கம் நான்கு ரெஜிபோம் பெட்டிகள். பெட்டிக்குள் கறுப்புப் பொலித்தீன் விரித்து, பசளை கரைத்த நீரை நிரப்பி, மூடியில் துளையிட்டு, அடியிலே துளையிட்ட யோகட் கோப்பைகளில் தும்புச்சோறு இட்டுச் சலாது நாற்றுகளை நட்டோம். கோப்பையின் அடி மட்டும் நீரைத் தொடவேண்டும். வேர் கீழிறங்கி நீரைக் குடிக்கும்.

மண்ணின்றிப் பயிர் வளருமா என்ற ஐயம் பிள்ளைகளுக்கு எழுந்தது. அவர்களுக்கு ஒரு பழைய கதையைச் சொன்னேன். பிரசெல்ஸ் நகரத்தவரான வான் ஹெல்மொன்ட் என்னும் அறிஞர், உலர்த்தி நிறுத்த 200 இறாத்தல் மண்ணை ஒரு தொட்டியில் இட்டு, அதில் 5 இறாத்தல் நிறையுள்ள அலரிவகை மரக்கன்று ஒன்றை நட்டு, ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டுமே ஊற்றினார். மரம் ஏறக்குறைய 169 இறாத்தலாயிற்று. மண்ணோ 2 அவுன்சு அளவே குறைந்திருந்தது! மரம் முழுவதும் தண்ணீரால் ஆனது என்று அவர் முடிவு செய்தார். அவர் இறந்த பின், 1648இல், இது நூலாக வெளிவந்தது. முடிவு பாதி பிழை. மரத்தின் உடல் பெரும்பாலும் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டாலும் நீராலும் ஆனது என்பது பின்னரே தெரியவந்தது. காணாமற்போன அந்த 2 அவுன்சுதான் நமக்கு வேண்டிய பாடம். நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம், கல்சியம், மகனீசியம், கந்தகம் ஆகிய ஆறும், இரும்பு முதலாகச் சிறிதளவே வேண்டப்படும் வேறு சிலவும் வேரின் வழியே செல்லவேண்டும். 1860ஆம் ஆண்டளவில் ஜெர்மனியில் சாக்ஸ், நொப் என்னும் இருவர், இவற்றை நீரிற் கரைத்துக் கொடுத்தே செடி வளர்த்துக் காட்டினர். கலிபோர்னியாவில் கெரிக் என்பவர் 1929ஆம் ஆண்டளவில் அதனைத் தக்காளிச் செய்கையாகப் பெருக்கினார்.

கதை இனித்தது, செய்கை அவ்வளவு இலகுவாக இருக்கவில்லை. இரண்டு கிழமைகளில் சலாதுவின் இளம் இலைகள் மஞ்சளாயின. நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. பசளை போதாதென்று பிள்ளைகள் முடிவுகட்டினர். “நைதரசன் குறைந்தால் முதலில் மஞ்சளாவது முதிர்ந்த இலை. இங்கே மஞ்சளாவது எது?” என்று கேட்டேன். நம் கிணற்று நீர் சுண்ணக்கல்லினூடாக ஊறி வருவது. அதன் காரத்தன்மையால் இரும்பு வேருக்கு எட்டாமற் போய்விடுகிறது. தொட்டியிற் சேமித்த மழைநீரில் பசளையைப் புதிதாகக் கரைத்து ஊற்றினோம். அடுத்து வந்த தளிர்கள் பச்சையாயின. புத்தகத்தில் பத்து முறை வாசித்தாலும் பதியாத பாடம் அன்று பதிந்தது.

ஒரு பையன் தன் பெட்டியின்மேல் கொண்ட அன்பினால், நாள்தோறும் காலையில் வந்து கோப்பை மூழ்கும்வரை நீர் நிரப்பிவந்தான். அவனுடைய செடிகளே முதலில் வாடின. “ரீச்சர், நான் ஒரு நாளும் தண்ணி விடாமல் இருக்கேல்லையே!” என்று அழுதான். வேருக்கும் மூச்சு உண்டு. நீர் குறையக் குறைய மேலே உண்டாகும் வெளியில்தான் அது ஒட்சிசனைப் பெறுகிறது. அளவுக்கு மிஞ்சிய அன்பும் மூச்சை அடைக்கும் என்பதை அவனுக்கு மட்டுமன்றித் தாய்மாராகிய நமக்கும் அந்தப் பெட்டி சொல்லிற்று.

மாசி கழியுமுன் பெட்டிகள் வென்றன என்றே எல்லோரும் எண்ணினர். பாத்தியிலே வெண்டியும் பயற்றையும் மெல்ல வளர்ந்துகொண்டிருக்க, பெட்டியிலே சலாது வெட்டித் தின்றாயிற்று; அடுத்து கங்குன் நட்டோம். பின்பு சித்திரை விடுமுறை வந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 21ஆந் திகதி நிகழ்ந்த உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளால் பள்ளிக்கூடங்கள் திறக்கும் நாள் பிந்திற்று. வைகாசியில் நாங்கள் திரும்பியபோது பெட்டிகளில் நீர் வற்றி, வேர்கள் நூல்போலக் காய்ந்து கிடந்தன. பாத்தியிலே பயற்றை போயிற்று; ஆனால் வெண்டி வாடியும் உயிரோடு நின்றது. இடையிலே பெய்த மழையை மூடியிட்ட பெட்டி ஏற்கவில்லை. மண் ஏற்று வைத்திருந்தது. பிள்ளைகள் பரப்பிய சருகின்கீழ் ஈரம் இருந்தது.

பெட்டியிலுள்ள செடி கைக்குழந்தை போன்றது; அளந்து ஊட்டுபவர் ஒரு வேளை மறந்தால் அதற்கு வேறு கதி இல்லை. மண் பாட்டியாரின் பெட்டகம் போன்றது. என்ன வைத்திருக்கிறது என்று சொல்லாது, முடைப்பட்ட நாளில் எடுத்துக் கொடுக்கும். அந்தப் பெட்டகமும் நாம் திருப்பி வைக்காவிட்டால் ஒருநாள் வெறுமையாகும். குழை தாழ்த்துவதும், ஆட்டுப்பட்டி அடைப்பதும், பயற்றை இனங்களை மாற்றிப் பயிரிடுவதும் நம் முன்னோர் அதற்குச் செலுத்திய வட்டி.

ஆகவே, சகோதரி, நீரிற் பயிர் வளர்ப்பது விளையாட்டன்று. மண்ணைக் கைவிடும் வழியுமன்று. செடி உண்பது எது, எவ்வளவு என்பதைக் கண்ணுக்குக் காட்டும் பாடம் அது. இப்பாடம் உங்கள் வெங்காயத் தோட்டத்துக்கே வேண்டியது. குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை ஆய்வாளர்கள் பல்லாண்டுகளாகச் சொல்லிவருகின்றனர். பயிர் உண்டது போக மிஞ்சிய பசளையும், மலகூடக் குழிகளின் கழிவும் சுண்ணக்கல்லின் வெடிப்புகளினூடே இறங்கி நாம் குடிக்கும் நீரிலே சேர்கின்றன. லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார தாபனத்தின் வரையறை. மிஞ்சினால் புட்டிப்பால் குடிக்கும் சிசுக்களுக்கே பேராபத்து. கரண்டியால் அளந்து பசளை கரைக்கப் பழகிய பிள்ளை, நாளை கைநிறைய அள்ளி வீசுமுன் ஒரு கணம் நிற்பாள். அந்த ஒரு கணம் போதும்.

நீர்ப் பாடம் மட்டும் போதுமா? போதாது. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அத்தடை நீக்கப்படுமுன் வயல்கள் பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. அடுத்த ஆண்டு நெருக்கடியில், வீட்டுத்தோட்டம் செய்வதற்கென அரசாங்க ஊழியருக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை கொடுக்க வேண்டியதாயிற்று. அந்நாட்களில் என் பழைய மாணவி ஒருத்தி என்னைக் காண வந்தாள். அவர்கள் வாடகை அறையில் வாழ்பவர்கள். சாண் நிலமும் இல்லை. வகுப்பிலே பழகிய பெட்டியை அவள் வாசற்படியிலே வைத்துக் கங்குன் வளர்த்திருந்தாள். பசளைப் பொட்டலம் கிடைக்காமற் போனதும் பெட்டி நின்றது, அவள் நிற்கவில்லை. அரிசிப் பையிலே மண்ணும், உக்கிய சருகும், ஆட்டெருவும் கலந்து நிரப்பிப் பசளிக்கீரை நட்டாள். “ரெண்டும் தெரிஞ்சபடியால்தான், ரீச்சர், அம்மாவுக்கு ஒரு கறி குறையேல்லை” என்றாள். நான் பெற்ற பரிசுகளுள் அதற்கு நிகர் இல்லை.

ஆதலால் மகளுக்குப் பெட்டியைக் கொடுத்தனுப்புங்கள். அத்துடன் வீட்டுக் கோடியிலே இரண்டு முழப் பாத்தி ஒன்றையும் அவள் பெயருக்கு ஒதுக்குங்கள். பெட்டியின் மூடி இடுக்கின்றிப் பொருந்தவேண்டும். ஒளி புகுந்தால் பாசி படரும், இடுக்கு இருந்தால் நுளம்பு முட்டையிடும். டெங்குக் காலத்தில் இதில் அசட்டை கூடாது. பசளையைப் பொட்டலத்திற் கூறிய அளவுக்கு மேல் கரைக்க விடாதீர்கள். சிறு பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். பாத்திக்குச் சருகு மூடாக்கு இடச் சொல்லுங்கள். எந்நாளில் நட்டாள், என்ன ஊற்றினாள், எவ்வளவு பறித்தாள் என்பதை ஒரு கொப்பியில் எழுதட்டும்.

அவள் வைத்தியராகலாம், கணக்காளராகலாம். தோட்டத்துக்கே திரும்பி வரவும் கூடும். எதுவாயினும், உங்கள் முதுகு முறிந்தது எதற்காக என்பதை அவள் அறிந்திருப்பாள். முதன்முதலில் அவள் பறித்துக் கொண்டுவரும் கீரைப் பிடியை, சகோதரி, அன்றைக்கே சுண்டிப் பரிமாறுங்கள். அவளுடைய தந்தையார் அதை உண்ணும்போது, அவள் முகத்தை ஒருமுறை பாருங்கள்.