கிதாரைக் கீழே வைத்தவரும் மீண்டும் எடுத்தவரும் ஒருவரே



இசையைப் பற்றிய பேச்சு நம் வீடுகளில் எழும்போதெல்லாம் ஒரு பெயர் தவறாமல் வந்து நிற்கிறது: யூசுஃப் இஸ்லாம். "உலகப் புகழை உதறிவிட்டுக் கிதாரைத் தூக்கி வைத்தவர் அவர்; நீ ஒரு பாட்டைக் கூட விட மாட்டேன் என்கிறாயே" என்று பெற்றோர் பிள்ளைகளிடம் அவரை எடுத்துக்காட்டுகின்றனர். பிள்ளைகள் கைப்பேசியில் அவர் கிதாருடன் பாடும் காணொளியைத் தேடி எடுத்து, "அவரே மறுபடியும் எடுத்துவிட்டாரே, அத்தா" என்று காட்டுகின்றனர். இரு தரப்பும் சொல்வது உண்மை. ஆயினும் இரு தரப்பும் சொல்வது பாதி.

அவருடைய அரை நூற்றாண்டைக் கடந்த பாட்டுப் பயணத்தை முழுமையாக வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் அவருடைய பாடும் முறை மாறியிருக்கிறது. அந்த மாற்றங்களில் பெரியவற்றுக்குக் காரணமாக நின்றது, "இந்தக் குரல் எதற்காக எனக்குத் தரப்பட்டது?" என்ற கேள்வி. நம் பிள்ளைகளுக்கு நாம் கையளிக்க வேண்டியது அந்தக் கேள்வியைத்தான் என்பது என் கருத்து.

1948இல் லண்டனில், சைப்ரஸ் நாட்டுக் கிரேக்கத் தந்தைக்கும் ஸ்வீடன் நாட்டுத் தாய்க்கும் பிறந்தவர் அவர். பெற்றோர் உணவகம் நடத்தி வந்தனர். கேட் ஸ்டீவன்ஸ் என்ற பெயரில் பாடத் தொடங்கி, 1967இல் முதல் இசைத்தொகுப்பை வெளியிட்டபோது அவருக்கு இருபது வயதுகூட நிறையவில்லை. அக்காலப் பாடல்களில் வயலின்களும் ஊதுகருவிகளும் நிறைந்த பெரிய வாத்தியக் குழு முழங்கும். இளைஞர் கூட்டத்தை ஆட வைப்பதற்காகத் தயாரிப்பாளர்கள் வகுத்த முறை அது. பாடகரின் உள்ளம் அந்த முழக்கத்தின் அடியில் எங்கோ ஒளிந்திருந்தது.

பிறகு அல்லாஹ் அவரைப் படுக்கையில் கிடத்தினான். இருபது வயதை ஒட்டிக் காசநோய் தாக்கியது; மரணத்தின் விளிம்பு வரை சென்றார். மருத்துவமனையில் சில மாதங்கள், அதன்பின் நீண்ட ஓய்வு. புகழும் கூட்டமும் எட்டாத அந்த அறையில் அவர் மரணத்தைப் பற்றிச் சிந்தித்தார், சமயங்களைப் பற்றி வாசித்தார், ஏராளமான பாடல்களை எழுதினார். 1970இல் அவர் மீண்டு வந்தபோது வாத்தியக் குழு மறைந்திருந்தது. ஒரு கிதார், மெல்லிய துணைக்கருவிகள் சில, காதருகே பேசுவது போன்ற குரல், அவ்வளவே. அவரை உலகறியச் செய்தது இந்த எளிமைதான்.

ஒரு தந்தையும் மகனும் உரையாடும் அவருடைய புகழ்பெற்ற பாடல் அவ்வாண்டில் வந்தது. தந்தையின் சொற்களைத் தாழ்ந்த குரலிலும் மகனின் சொற்களை உயர்ந்த குரலிலும் அவர் ஒருவரே பாடியிருப்பார். தந்தை பொறுமையைச் சொல்கிறார். மகன் தன்னை யாரும் செவிமடுக்கவில்லை என்று குமைகிறான். இருவரில் எவரையும் அப்பாடல் குற்றவாளி ஆக்கவில்லை.

அடுத்து வந்த ஆண்டுகளின் தொகுப்புகளைப் பார்த்தால், தேடி அலையும் ஓர் உள்ளத்தின் சுவடுகள் தெரிகின்றன. ஒரு தொகுப்பின் தலைப்பு ஜென் பௌத்தத்திலிருந்து வருகிறது. இன்னொன்றின் தலைப்பில் புத்தர் இருக்கிறார். 1975இல் வந்தது எண்கணிதத்தை ஆதாரமாகக் கொண்டது. இசை முறையும் அவ்வாறே அலைந்தது. 1973இல் ஒலித்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் ஒரே நீண்ட பாடலால் நிரப்பினார். 1977இல் மின்னணுக் கருவிகளின் பக்கம் சென்றார். குரல் வளர்ந்தது, கருவிகள் பெருகின, கேள்வி மட்டும் விடை காணாமல் நின்றது.

அமெரிக்காவின் மாலிபு கடற்கரையில் நீந்தச் சென்றபோது கடல் அவரை உள்ளே இழுத்ததையும், காப்பாற்றினால் உனக்காகவே உழைப்பேன் என்று அவர் இறைவனிடம் கதறியதையும், ஓர் அலை அவரைக் கரைக்குத் தள்ளியதையும் அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். அதன்பின் அவருடைய அண்ணன் ஜெரூசலம் சென்று திரும்பியபோது குர்ஆன் பிரதி ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். யூசுஃப் (அலை) அவர்களின் வரலாறு அவரை ஆட்கொண்டது. 1977 டிசம்பரில் இஸ்லாத்தை ஏற்றார். அடுத்த ஆண்டு அந்த நபியின் பெயரையே தம் பெயராக்கிக்கொண்டார்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பாடல்களின் கருத்து ஒழுக்கமானதாக இருந்தால் தொடரலாம் என்று அவரிடம் சொன்னவர்களும் இருந்தனர். கூடாது என்று சொன்னவர்களும் இருந்தனர். ஹலாலும் தெளிவானது, ஹராமும் தெளிவானது, இரண்டுக்கும் நடுவே ஐயத்திற்குரியவை உள்ளன, அவற்றைத் தவிர்ப்பவர் தம் மார்க்கத்தைக் காத்துக்கொள்கிறார் என்ற கருத்திலமைந்த நபிமொழியை நாம் மிம்பரில் கேட்டுவிட்டு வீடு திரும்புகிறோம். அவர் அதற்குத் தம் தொழிலையே விலையாகக் கொடுத்தார். 1979 நவம்பரில் லண்டன் வெம்ப்ளியில், குழந்தைகள் நலனுக்காக யுனிசெஃப் நடத்திய நிகழ்ச்சியில் பாடியதோடு மேடையை விட்டிறங்கினார். தம் கிதார்களையும் அறப்பணிக்காக விற்றுவிட்டார்.

மௌனமாக இருந்த ஆண்டுகளில் அவர் செய்தது என்ன? 1983இல் லண்டனில் இஸ்லாமியா என்ற தொடக்கப்பள்ளியை நிறுவினார். 1998இல், இங்கிலாந்தில் அரசின் முழு நிதியுதவியை முதன்முதலாகப் பெற்ற முஸ்லிம் பள்ளிகளில் ஒன்றாக அது உயர்ந்தது. அவர் பாடகராக ஈட்டியது கல்விக்கும் துயர் துடைக்கவும் சென்றது. மேடையை விட்டவர் வீட்டில் முடங்கிவிடவில்லை என்பதைப் பிள்ளைகளிடம் அவரை எடுத்துக்காட்டும் பெற்றோர் சேர்த்துச் சொல்வதில்லை.

குரல் திரும்பியதும் மெல்ல மெல்லத்தான். 1995இல் நபி (ஸல்) அவர்களின் வாழ்க்கை வரலாற்றைத் தம் குரலிலேயே சொல்லி வெளியிட்டார்; அதில் இசைக்கருவி இல்லை. போஸ்னியப் போரின்போது அந்நாட்டு வெளியுறவு அமைச்சராக இருந்த இர்ஃபான் லியுபியான்கிச், தாம் இயற்றிய பாடல் ஒன்றை ஒலிநாடாவில் அவரிடம் தந்தார். பின்னர் 1995இல் ஹெலிகாப்டர் சுட்டு வீழ்த்தப்பட்டு அவர் இறந்தார். அழிவின் நடுவில் ஒரு சமுதாயம் தன் ஈமானைப் பாட்டின் வழியாகவும் பற்றிக்கொண்டிருப்பதைக் கண்டது யூசுஃப் அவர்களை உலுக்கியது. 2000இல் குழந்தைகளுக்கு அரபு எழுத்துகளைக் கற்பிக்கும் தொகுப்பைக் குரலும் தோற்கருவியும் மட்டும் கொண்டு வெளியிட்டார்.

அதன்பின் மகன் வீட்டுக்குக் கொண்டுவந்த கிதாரை ஒருநாள் தந்தை கையிலெடுத்தார். விரல்கள் மறந்திருக்கவில்லை. 2006இல், 28 ஆண்டுகளுக்குப் பின், கருவிகளுடன் கூடிய புதிய தொகுப்பு வந்தது. அதன் பாடல் ஒன்றில் 1973ஆம் ஆண்டின் அந்த நீண்ட பாடலின் ஒரு பகுதியை எடுத்து ஆண்டிருந்தார். ஏன் இன்னும் கிதாரைச் சுமக்கிறேன் என்பதை முஸ்லிம்களுக்கு விளக்கத் தனி நூலே எழுதினார். 2020இல் 1970ஆம் ஆண்டின் தொகுப்பை முழுவதும் மீண்டும் பாடினார். அந்தத் தந்தை மகன் பாடலில், தந்தையின் பகுதியை எழுபதைக் கடந்த குரலில் பாடி, மகனின் பகுதிக்கு 1970இல் பதிவான தம் இளமைக் குரலையே சேர்த்துக்கொண்டார்.

இனி மார்க்கத்தின் பக்கம் வருவோம். நரம்புக் கருவிகளும் ஊதுகருவிகளும் கூடாது என்பதே நான்கு மத்ஹபுகளின் பெரும்பான்மை ஆலிம்களுடைய கருத்து. நான் மத்ரஸாவில் கற்பிப்பதும் அதுவே. இசைக்கருவிகளை ஆகுமாக்கிக்கொள்வோரைக் கண்டித்து ஸஹீஹுல் புகாரியில் வரும் ஹதீஸ் அதற்கு முக்கியமான ஆதாரம். அதன் அறிவிப்பாளர் தொடரில் இப்னு ஹஸ்ம் (ரஹ்) குறை கண்டார். ஹதீஸ் கலை அறிஞர்கள் பலர் அவருக்கு விடையளித்தனர். பெருநாளன்று அன்னை ஆயிஷா (ரழி) அவர்களின் இல்லத்தில் இரு சிறுமியர் பாடியதை அபூபக்ர் (ரழி) கண்டித்தபோது, அவர்களை விட்டுவிடும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னதும் நம் நூல்களில் உள்ளது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் செவியேற்றல் குறித்து ஒரு தனிப் பகுதியே எழுதியுள்ளார். குடிகாரர்களின் அடையாளமான கருவிகளை விலக்கும் அவர், பாட்டு உள்ளத்தில் ஏற்கெனவே இருப்பதையே கிளறுகிறது என்பதையும் அங்கே விளக்குகிறார்.

ஆகவே ஒரு பாடகர் கிதாரைக் கீழே வைத்ததும் தலீல் ஆகாது. மீண்டும் எடுத்ததும் தலீல் ஆகாது. ஃபத்வாவை நூல்களிலிருந்தும் உஸ்தாதுகளிடமிருந்தும் பெற வேண்டும். 2006இல் அவர் எடுத்த முடிவோடு எனக்கு உடன்பாடில்லை. எனினும் அவர் விட்டபோது எதற்காக விட்டார், எடுத்தபோது எதற்காக எடுத்தார் என்பதற்கு அவரிடம் விடை இருந்தது. நம்மில் எத்தனை பேரிடம் அது இருக்கிறது?

நம் நிலையைப் பாருங்கள். நாகூர் ஹனிஃபா அவர்களின் பாடல்களைக் கருவியிசையோடுதான் நம் திருமண வீடுகளில் ஒலிக்கவிட்டோம். அப்போது எவரும் கேள்வி எழுப்பவில்லை. அதே வீட்டில் பிள்ளை காதில் கருவியை மாட்டிக்கொண்டால் ஹராம் என்ற சொல் பாய்ந்து வருகிறது. மறுபுறம், "கருவி இல்லை" என்ற முத்திரையோடு வரும் நஷீத்கள் சிலவற்றில் மனிதக் குரலையே கணினியால் திருத்திக் கருவியாக ஒலிக்கச் செய்கிறார்கள். மெட்டு சினிமாவிலிருந்து வந்தது. காட்சியில் பாடகரின் ஆடையும் காரும் மின்னுகின்றன. ஃபிக்ஹின் எழுத்து அங்கே காக்கப்பட்டிருக்கலாம். அதைக் கேட்டு எழும் பிள்ளையின் உள்ளத்தில் அல்லாஹ்வின் நினைவு எழுந்ததா, அந்தப் பாடகரைப் போல் ஆக வேண்டும் என்ற ஆசை எழுந்ததா?

பெற்றோர்களே, தடை சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லுங்கள்; அது உங்கள் கடமை. அதற்கு முன் பிள்ளையின் அருகில் அமர்ந்து, அது என்ன கேட்கிறது என்று ஒருமுறை கேளுங்கள். பாடலின் பொருளைச் சேர்ந்து ஆராயுங்கள். தொழுகை நேரம் எவ்வளவு அதில் போகிறது, கேட்டு முடித்தபின் உள்ளம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று அதனிடமே விடை பெறுங்கள். காதிலிருந்து ஒன்றை எடுக்கும்போது அந்த இடத்தில் வேறொன்றை வையுங்கள்: அழகிய கிராஅத், நபி (ஸல்) அவர்களின் சீரா, உங்கள் வாயால் சொல்லும் ஒரு கதை. வெற்றிடமாக விட்ட காதை உலகம் நிரப்பிவிடும். அவரும் 1979இல் விட்ட இடத்தைப் பள்ளிக்கூடத்தால் நிரப்பினார்.

இளைஞர்களே, யூசுஃப் இஸ்லாம் கிதாருடன் நிற்கும் காணொளியை உங்கள் தந்தையிடம் காட்டும் முன், அவர் மௌனமாக இருந்த ஆண்டுகளை எண்ணிப் பாருங்கள். ஐயம் எழுந்த ஒன்றை அல்லாஹ்வுக்காக இத்தனை காலம் விட்டிருக்க நம்மால் இயலுமா? ஒரு மாதம் விட்டுப் பாருங்கள். ரமளானில் விடுகிறோமே, அதைச் சற்று நீட்டினால் போதும். பாட்டு உங்கள் கையில் இருக்கிறதா, நீங்கள் பாட்டின் கையில் இருக்கிறீர்களா என்பது அப்போது விளங்கும்.

குரல் ஓர் அமானிதம்; செவியும் அமானிதம். இரண்டைக் குறித்தும் மறுமையில் விசாரணை உண்டு. அவற்றை அவனுக்கு உவப்பான வழியில் செலவிடும் நற்பேற்றை நமக்கும் நம் சந்ததியினருக்கும் வல்ல அல்லாஹ் வழங்குவானாக. ஆமீன்.

அல்லாஹ்வே மிக அறிந்தவன். வஸ்ஸலாம்.