ரத்தம் சுண்டிப்போச்சா பெரியவரே?

பென்ஷன் வாங்க பாங்கி கியூவில் நிற்கும் பெரியவர் தலைசுற்றிச் சாய்ந்தால் உடனே சொல்வார்கள்: "வயசாச்சு, ரத்தம் சுண்டிப்போச்சு!"

வயசு மட்டுமே காரணமில்லை. 60 கிலோ உடம்பில் சுமார் 4 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. நோய்நொடி இல்லாத ஆண்களை 1990-களில் அளந்தார்கள். உடற்பயிற்சியே இல்லாத முதியவர்களுக்கு வாலிபர்களைவிட ரத்தம் குறைவு. ஆனால் விடாமல் பயிற்சி செய்த பெண்களிடம் வயசானவருக்கும் இளசுக்கும் வித்தியாசமே காணோம்!

இன்னொரு வில்லங்கம், வயசானால் தாகம் மழுங்கிவிடும். உடம்பில் நீர் வற்றினாலும் நாக்கு கேட்காது. அந்த நிலையில் வெகுநேரம் நின்றால் ரத்தம் காலில் தங்கி, மூளைக்குப் போதாமல் மயக்கம் வரும். விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் யார் பொறுப்பு?

நாலு பெஞ்சு, ஒரு பானைத் தண்ணி. இதுக்கும் மேலிடத்து உத்தரவு வரணுமா?