கழுவிடாதீங்க... அது தாத்தா காலத்து பாட்டில்!

போகி நெருங்கினால் பரணைக் காலி செய்வது வழக்கம். கள்ளக்குறிச்சி பக்கத்து ஓட்டு வீடுகளானாலும் சரி, கல்வராயன் மலை கிராமங்களானாலும் சரி, பழைய பெட்டிக்குள் ஒன்றிரண்டு கண்ணாடி பாட்டில்கள் கிடக்கும். தைலம், டானிக், இங்க் என்று ஏதோ ஒன்று. "நல்லாத்தானே இருக்கு, கழுவி எண்ணெய் ஊத்தி வைக்கலாம்" என்று யாராவது தண்ணீரில் ஊறப்போடுவார்கள். கொஞ்ச நேரத்தில் லேபிள் உரிந்துவிடும். கண்ணாடி மிஞ்சும், அதன் வயதைச் சொல்லும் சாட்சி போய்விடும்.

ஊர்ப் பெயரே தேதி

கள்ளக்குறிச்சிக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. முகவரியில் 'தென்னாற்காடு மாவட்டம்' என்று இருந்தால், அந்த லேபிள் பெரும்பாலும் 1993-க்கு முந்தையது. 'விழுப்புரம் மாவட்டம்' என்றால் 1993-க்குப் பிறகு. 'கள்ளக்குறிச்சி மாவட்டம்' என்றால் 2019 நவம்பர் 26-க்குப் பிந்தையது; அதைப் பழம்பொருள் என்று யாராவது விற்க வந்தால் வாங்க வேண்டாம்!

விலையையும் பாருங்கள். அணாவில் இருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முன். 'நயா பைசா' என்றால் 1957-லிருந்து 1964 வரை. பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிறகு. அளவு அவுன்ஸில் மட்டும் இருந்தால், மெட்ரிக் முறை பரவுவதற்கு முந்தைய காலமாக இருக்கலாம். இப்படி இரண்டு மூன்று குறிப்புகளைச் சேர்த்துப் பார்த்தால் காலம் பிடிபடும்.

கண்ணாடியும் பேசும்

பாட்டிலின் பக்கவாட்டில் அச்சுக் கோடு தெரியும். அது கழுத்தோடு நின்றால், வாய்ப்பகுதியைக் கையால் முடித்திருக்கிறார்கள். வாய் விளிம்பு வரை ஏறினால் இயந்திரத்தில் வார்த்தது. ஓவன்ஸ் என்ற அமெரிக்கர் தானியங்கி பாட்டில் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றது 1904-ல். ஆனாலும் கைவேலை உடனே நின்றுவிடவில்லை. கோட்டை மட்டும் வைத்துத் தேதி சொல்ல முடியாது.

நம்ம ஊர் கோலி சோடா பாட்டிலும் வெளிநாட்டு வரவுதான். ஆங்கிலேயரான ஹைரம் காட் 1872-ல் காப்புரிமை பெற்ற வடிவம் அது. ஆனால் வடிவம் பழசு என்பதால் பாட்டிலும் பழசு என்று ஆகிவிடாது. இன்னொன்று, அந்தக் காலத்தில் பாட்டிலைத் திரும்பத் திரும்ப நிரப்பினார்கள். பாட்டிலைவிட லேபிள் இளையதாக இருக்கலாம்.

பாதுகாப்பது எப்படி?

* எடுத்ததும் நாலு பக்கமும் போட்டோ எடுத்துவிடுங்கள்.
* தண்ணீர், சோப்பு வேண்டாம். உலர்ந்த மென்மையான பிரஷ்ஷால் தூசியை மட்டும் தட்டுங்கள்.
* லேபிள் உரிந்து வருகிறதே என்று செலோ டேப் ஒட்டாதீர்கள். நாளடைவில் பசை மஞ்சளாகிக் காகிதத்தைக் கெடுக்கும்.
* வெயில்படும் ஜன்னலோரம் வைத்தால் மை வெளுத்துவிடும். மலைக் குளிரில் ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். பசைக்காகப் பூச்சியும் வரும். காய்ந்த, நிழலான அலமாரியே நல்லது.
* உள்ளே மருந்து மிச்சம் இருந்தால் முகரவோ, ருசிக்கவோ கூடாது. மூடியைத் திறக்காமல் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

கடைசியாக ஒன்று. அந்த பாட்டில் யாருடையது, எதற்காக வாங்கியது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, ஒரு சீட்டில் எழுதிப் பக்கத்தில் வையுங்கள். எந்த லேபிளிலும் அச்சாகாத தகவல் அதுதான். அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்!