கல்யாணத்துக்கு முன் நிறுத்தப்படும் மாத்திரை

"மூணு வருஷமா ஃபிட்ஸ் வரலையே, இன்னும் எதுக்கு மாத்திரை?" வலிப்பு நோயாளி உள்ள வீடுகளில் அடிக்கடி எழும் கேள்வி இது. கேட்பதில் தவறே இல்லை. ஆனால் மருத்துவரிடம் கேட்க வேண்டியதற்குத் தாங்களே பதில் சொல்லிக்கொண்டு, மறுநாளே மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். வலிப்பு வரவில்லை என்றால் நோய் போய்விட்டது என்ற நம்பிக்கை உயிரைக் குடிக்கக்கூடியது.

பலருக்கு வலிப்பு வராமலிருப்பதே அந்த மாத்திரையால்தான். மூளையில் உள்ள மூலக் கோளாறை அது நீக்குவதில்லை. நரம்பணுக்கள் ஒருசேரக் கட்டுமீறுவதை அன்றாடம் அடக்கி வைக்கிறது. பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் நடத்திய ஆய்வு ஒன்று 1991-இல் 'லான்செட்' இதழில் வெளியானது. குறைந்தது 2 ஆண்டுகள் வலிப்பே வராத 1,013 பேரில் ஒரு பிரிவினருக்கு மருந்தைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்கள். அடுத்த 2 ஆண்டுகளுக்குள் அவர்களில் சுமார் 41 சதவீதத்தினருக்கு வலிப்பு திரும்பியது. மருந்தைத் தொடர்ந்தவர்களில் அது 22 சதவீதம். மருத்துவர் கண்காணிப்பில் மெல்லக் குறைத்தும் இந்த நிலை!

ஃபீனோபார்பிட்டோன், குளோபசாம் போன்ற வலிப்பு மருந்துகளைச் சட்டென்று விட்டால் ஆபத்து இன்னும் அதிகம். அவற்றுக்குப் பழகிய மூளை கொந்தளித்து, ஓயாத வலிப்பில் கொண்டுபோய் விடலாம். 5 நிமிடத்துக்கு மேல் நீடிக்கும் வலிப்பு உயிருக்கே ஆபத்தான அவசர நிலை.

ஆயுள் முழுக்க எல்லோரும் விழுங்கத்தான் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நாடாப்புழுக் கட்டியால் வலிப்பு வந்த குழந்தைக்கு, ஸ்கேனில் கட்டி தழும்பின்றி மறைந்திருந்தால் மருந்தைச் சீக்கிரமே நிறுத்த முடியும். அது சுண்ணாம்பாகப் படிந்திருந்தால் அவசரப்பட முடியாது. பதின்வயதில் தொடங்கி, காலையில் எழுந்ததும் கை வெட்டி இழுக்கும் வகை வலிப்போ, மருந்தை விட்டால் பெரும்பாலும் திரும்பி வருகிறது. அடுத்த வீட்டுப் பையன் நிறுத்தியதை வைத்து நம் வீட்டில் முடிவெடுக்க முடியாது.

என்னைக் கொதிக்க வைப்பது பெண்களுக்கு நடப்பதுதான். மாப்பிள்ளை வீட்டார் கண்ணில் மாத்திரை அட்டை பட்டுவிடக் கூடாதென்று, கல்யாணத்துக்குச் சில வாரங்கள் முன்பு பெற்றோரே நிறுத்துகிறார்கள். கூடவே கல்யாண வீட்டின் தூக்கமில்லாத இரவுகள். தூக்கம் கெடுவதே வலிப்பைத் தூண்டும். யாருக்குப் பயந்து மறைக்கிறார்கள்? இந்துத் திருமணச் சட்டத்தில் திருமணத்துக்குத் தடையாக இருந்த வலிப்பு நோயை 1999-லேயே நீக்கியாகிவிட்டது. ஊர் வாய்க்காக மகளின் உயிரைப் பணயம் வைப்பதை நான் பாசம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கர்ப்பமான பிறகு, "குழந்தைக்கு ஆகாது" என்று நிறுத்துவதும் இதே பிழை. வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்து கருவைப் பாதிக்கும் என்பது உண்மை. அதனால்தான் கருத்தரிக்கும் முன்பே மருத்துவரிடம் பேசி வேறு மருந்துக்கு மாற வேண்டும். வயிற்றில் பிள்ளையோடு தாய் வலிப்பு வந்து விழுந்தால் இரு உயிருக்கும் ஆபத்து.

மாத்திரையை நிறுத்த விரும்புகிறீர்களா? நரம்பியல் மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். அவர் பல மாதங்களில் சிறிது சிறிதாகக் குறைப்பார். அந்த மாதங்களிலும், நிறுத்திய பிறகு அவர் சொல்லும் காலம் வரையிலும் வண்டி ஓட்டாதீர்கள்; கிணற்றிலோ ஆற்றிலோ தனியாகக் குளிக்காதீர்கள். மகளுக்கு வரன் பார்க்கிறீர்கள் என்றால், தேதி குறிக்கும் முன்பே அவளை அழைத்துக்கொண்டு போய் மருத்துவரைப் பாருங்கள்.