மணியடித்ததும் அறுந்துபோகும் ரெலிபோன்

வீட்டுக் கணனியில் யூ.எஸ்.பி. ரெலிபோன் இணைப்பி பூட்டியிருக்கிறீர்களா? ஊரிலிருந்து அழைப்பு வந்து, மணி ஒருமுறை அடித்ததும் தொடர்பு அறுகிறதா? முதலில் சந்தேகிக்க வேண்டியது மின்சாரத்தை. யூ.எஸ்.பி. 2.0 துவாரம் ஒன்றின் அளவு 500 மில்லி அம்பியர். மணியடிக்கும்போது இணைப்பிக்குக் கூடுதல் மின் வேண்டும். பல பொருட்கள் பூட்டிய ஹப்பில் அது போதாமற் போகும்.

ஹப்பைக் கழற்றிவிட்டு நேரே கணனியிற் பூட்டுங்கள். கட்டையான வேறு கேபிள் போட்டுப் பாருங்கள். லினக்ஸ் கணனியென்றால், சும்மா இருக்கும் யூ.எஸ்.பி. பொருளைத் தூங்கவைக்கும் வசதியை நிறுத்துங்கள். பிறகும் அறுந்தால் மட்டும் புதிது வாங்குங்கள்.

ஊர் அழைப்புத் தவறினால் திரும்ப எடுக்கலாம், 911 அப்படியல்ல. இணையத் தொலைபேசி நிறுவனங்கள் 911 வசதி தரவேண்டுமென்று 2005இல் அமெரிக்க அரசு விதித்தது. ஆனால் உதவிக்கு வருவோருக்குத் தெரிவது நீங்கள் பதிந்த முகவரியே. சான் ரமோனுக்கு வீடு மாறி வந்தவர்கள் அதை உடனே மாற்றுங்கள்.

காட்டுத்தீ அச்சத்தால் 2019 ஒக்டோபரில் கலிபோர்னியாவின் பல இடங்களில் மின்சாரத்தை நிறுத்தினார்கள். அப்படியான இரவில் கணனியோடு இந்த ரெலிபோனும் ஊமையாகும். ஆகவே சார்ஜ் ஏற்றிய கைத்தொலைபேசி ஒன்றை எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள். பிள்ளைகளுக்கும் அந்த இடத்தைக் காட்டிவையுங்கள்.